காதில் வைத்த ஸ்க்ரூடிரைவர்

ஷார்ஜா

அன்புள்ள அறிவுச்செல்விக்கு,

கன்னிவாடியில் நீயும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். வயிற்றுவலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே. போனில் நீ ‘ம்’ மட்டும் சொல்வதால் எழுதுகிறேன்.

இங்கே ஒரு கூத்து. கார்ப் பந்தயம் ஓட்டும் அரபி ஒருவரின் காரில் பிஸ்டன் உருகி இன்ஜின் நின்றுபோனது. பழசைவிட வலுவான பிஸ்டனும் பெரிய டர்போவும் போட்டு மூன்று வாரத்தில் கட்டி முடித்தேன். நேற்று ஸ்டார்ட் செய்ததும், திண்டுக்கல் பட்டறைப் பழக்கத்தில், நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தேன். இன்ஜினைக் கம்ப்யூட்டரில் சோதிக்கும் இங்குள்ள மெக்கானிக்குகள் சிரித்தார்கள். உள்ளே ஒரு தட்டல்கூட இல்லை. சீராக ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் காதை எடுக்க முடியவில்லை.

வளைகாப்பு முடிந்த வாரம், போனை வயிற்றில் வைத்து, “பிள்ளை சத்தம் கேக்குதா மாமா?” என்றாய். “நல்லாக் கேக்குது” என்றேன். பொய், அறிவு. உன் வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது. போனில் அதெல்லாம் கேட்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால், நீ பயந்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாய். நான்கு நாள் கழித்துப் போய், பிள்ளைக்குத் துடிப்பு இல்லை என்று டாக்டர் சொல்லக் கேட்டிருக்க மாட்டாய்.

யாராவது இங்கே வந்தால் இட்லிப்பொடி கொடுத்துவிடு. அங்கே நிற்கும் என் பைக்கை இரண்டு நாளைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய், இல்லாவிட்டால் பேட்டரி போய்விடும். உதைக்க வேண்டாம், பட்டனை அழுத்திப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும். அப்போது எனக்குப் போன் போட்டு, போனை இன்ஜின் பக்கத்தில் வை.

வேன் வந்துவிட்டது. இனிமேல் கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்றே சொல்வேன்.

பொன்னுத்துரை