சுவரில் மாட்டிய ஏழு ராமசாமிகள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே மழை. பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ஜாம். தம்பி ரவியின் புதுக் காப்பிக் கடைக்குப் போய்ச் சேரப் பத்தரை. சனிக்கிழமை திறப்பு. சுவர் அலங்காரம் என் பொறுப்பு. பதினெட்டு வருடமாக அடுத்தவர்கள் வீட்டுச் சுவரை அழகுபடுத்துகிறேன், தம்பி கடைக்குச் செய்ய மாட்டேனா.

பாக்கி: கழிப்பறைக் கதவுக்கு இரண்டாவது பூச்சு. கல்லாவுக்கு மேல் விளக்கு. தகடுகள்.

தகடுகள் வந்துவிட்டன. உலோகத்தில் அச்சடித்த பழைய போஸ்டர்கள், ஒன்பது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் லண்டனில் வந்த ஏதோ நகைச்சுவைப் பத்திரிகையின் படங்கள். ரவி ஆன்லைனில் தேர்ந்தெடுத்தது. நானும் போனில் பார்த்து ஓகே சொன்னேன். நகம் அளவுப் படங்கள்.

பிரித்துத் துடைத்தேன். விஷவாயு முகமூடி போட்டு வெங்காயம் உரிக்கும் சமையல்காரன். டாங்கி மூடியில் தொப்பை சிக்கிய ஜெனரல். சிரித்தேன். நிறமும் அருமை.

ஏழாவது. ரப்பர் மரங்கள். வானத்தில் ஜப்பான் விமானம். வெள்ளைக்காரத் துரை குடையோடு நடக்கிறார். பின்னால் ஏழு ஆட்கள். கரிக்கட்டை உடம்பு, தலைப்பாகை, கோவணம். தலையில் பியானோ, பெட்டிகள், கூடையில் நாய். முன்னால் வருபவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். கீழே ஆங்கிலத்தில், "பத்திரம், ராமசாமி! நாட்டை விட்டுவிடலாம், விஸ்கியை விட முடியாது."

மலாயா. நம் ஆட்கள். ஏழு பேருக்கும் ஒரே பெயர்.

தகட்டைக் கவிழ்த்து வைத்தேன். ஓகே சொன்னவள் நான்.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். ரவியிடம் சொன்னேன். போனைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, ரிலேக்ஸ் லா. யாரு அந்த எழுத்தெல்லாம் படிக்கப் போறா? விண்டேஜ் அது."

"தாத்தாவை வரைஞ்சிருக்கான்டா."

"எந்தத் தாத்தா? நீ பாத்தியா? அப்பாவே பாத்ததில்ல."

"பாக்காம போனதுக்குக் காரணமே இந்தத் துரைங்கதானே."

"எட்டு மாட்டினா வரிசை கெட்டுப் போவும். மூணு மூணா ஒன்பது. நீதானே டிசைன் போட்டே?"

நான்தான் போட்டேன். அதனால் இன்னும் எரிந்தது. போகிற போக்கில், "ஹியூமர் தெரிஞ்ச கஸ்டமர்ங்க வருவாங்க" என்றான். எனக்குத் தெரியாதாம்.

மதியம் சாப்பிடவில்லை. கதவில் பெயிண்ட் வழிந்துவிட்டது. நாளை தேய்த்து மறுபடி பூச வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கதவு முடிந்தது. மாலை கிள்ளான், அப்பா வீடு. சனிக்கிழமைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ரிப்பன் வெட்டப் போவது அவர்தான். எண்பத்து மூன்று வயதில் முதல் தடவை.

தகட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சண்டை வந்தபோது தாத்தா வேலை பார்த்த கேரி தீவுத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். அப்பா அப்போது கைக்குழந்தை. அவருடைய அத்தை சொல்லிக் கேட்டது.

"துரை சிங்கப்பூருக்கு ஓடுனாரு. எங்கப்பாதான் பெட்டியெல்லாம் படகுத்துறை வரைக்கும் தூக்குனாரு. துரை கை குடுத்தாராம்மா. சீக்கிரம் வந்துடறேன், பங்களாவப் பாத்துக்கன்னாராம்."

கை கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அப்பா முகத்தில் பெருமை.

"அப்புறம்?"

"ஜப்பான்காரன் லோரி வந்துச்சு. சயாம்ல ரயிலு பாதை போடற வேலைக்கு ஏத்திக்கிட்டுப் போனான். திரும்பி வரல. அவ்ளதான்."

காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்.

துரை மேல் கோபம். லோரி மேல் கோபம். அந்தப் பெருமையின் மேலும். வீடு வரும்வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து விரல் வலி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒன்பதையும் ரவியே மாட்டிவிட்டான். ஏழாவது கல்லாவுக்கு நேர் எதிரே. யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க மூலைக்கு ஒரு திருகாணி.

"அப்பா பாத்தா?" என்று மெசேஜ் போட்டேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம். கட்டைவிரல்!

போகக் கூடாது என்று நினைத்தேன். அப்பாவைத் தனியாக அங்கே விடுவதா? போகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

நல்ல கூட்டம். பூ மாலை, கேமரா, இலவசக் காப்பி. அப்பா கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தார், கார் வேண்டாமாம். ரிப்பனை வெட்டினார். கைதட்டல்.

பிறகு சுவரோரம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜெனரலைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். ஏழாவதில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"தம்பி, என்னா எழுதிருக்கு?"

"சும்மா ஜோக்குப்பா. வாங்க, கேக் சாப்புடலாம்."

அப்பா என்னைப் பார்த்தார். வாசித்துத் தமிழில் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவன் ஏன் சிரிக்கிறான்?"

ரவி கேக் இருந்த பக்கம் திரும்பினான்.

"உன்னத்தான் கேக்கறேன். துரை போறான், இவன் இங்கயே கெடக்கப் போறான். என்னாத்துக்குடா சிரிக்கிறான்?"

"அப்பா, மெதுவா. ஆளுங்க இருக்காங்க."

"கழட்டு."

ரவி அசையவில்லை. நான் கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். நான்கு திருகாணி. ஒன்று சுற்றிச் சுற்றியே வந்தது, பிடித்து இழுத்ததில் சாந்தோடு வந்தது. புதுச் சுவரில் ஓட்டை. யாரோ வீடியோ எடுத்தார்கள். எடுக்கட்டும்.

அப்பா தகட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். நானும் வருகிறேன் என்றேன். கையை மட்டும் ஆட்டினார்.

ரவி வாசலில் மறித்தான். "சந்தோஷமா? என் நாளையே நாசம் பண்ணிட்டே." ஆமாம் என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதற்கு வருத்தமும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். ரவி மூன்று தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

கிள்ளான் போனேன். அந்தத் தகட்டை வாங்கிச் சாக்கடையில் எறிவதாகத்தான் திட்டம்.

அப்பா பின்கட்டில். போர்ட் கிள்ளான் பட்டறையில் முப்பது வருடம் ஃபிட்டர், கருவிப் பெட்டி இன்னும் இருக்கிறது. தகரம் வெட்டும் கத்திரியோடு உட்கார்ந்திருந்தார். காலடியில் துண்டுகள்: துரை, குடை, விமானம், பியானோ, பற்கள்.

கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. வரிசையில் கடைசியாக வந்த ஆள். தலையிலிருந்த பெட்டியைத் தாங்கிய கை முகத்துக்குக் குறுக்கே வந்துவிட்டதால் முகம் தெரியவில்லை. நான் இவனைக் கவனிக்கவே இல்லை.

"எங்கப்பாவுக்கு ஒரு படமும் கெடையாது," என்றார். "இவன் சிரிக்கல."

வேண்டாம்ப்பா, இது வெள்ளைக்காரன் வரைந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

அப்பா அரத்தை எடுத்து, கை கிழிக்காதபடி ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"எந்தச் சொவத்துல மாட்டலாம் சொல்லு. நீதானே அந்த வேலை பாக்கறே."

வீட்டின் நான்கு சுவர்களையும் பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை.