நார்வே தாள்

அன்னவாசல்,
ஐப்பசி மாதம்

சந்தனத்தின் அப்பாவுக்கு,

மகள் சந்தனத்துக்குக் காய்ச்சல், உடனே வாருங்கள் என்று எழுதினேன். ரங்கூன் காகிதக் கடையை விட்டு நகர முடியாது என்று பதில் போட்டீர்கள். ஜப்பான் தாள் மலிவு, ஆனால் ஈரத்தில் ஊறிவிடும். நார்வே சரக்கு விலை கூட, ஆனால் உழைக்கும் என்று பக்கம் முழுக்க அதுதான்.

"அப்பா எப்ப ஆத்தா வாராக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கப்பல் கிடைக்கவில்லையாம் என்று உங்களுக்காகப் பொய் சொன்னேன். அதை நம்பிக்கொண்டேதான் போனாள்.

பட்டணத்துக்குச் சரக்கெடுக்கப் போய்வரும் சூசைராஜ் அண்ணன் நேற்று துக்கம் கேட்க வந்தார். "என்னம்மா, புரட்டாசியில அவரைப் பட்டணத்துல பாத்தேனே! ரெண்டு தேசத்துத் தாளையும் வளைச்சு வளைச்சுப் பாத்துக்கிட்டு, எதை வாங்கலாம்னு எங்கிட்டயே கேட்டாரே" என்றார்.

புரட்டாசியில்தான் அவள் படுக்கையில் கிடந்தாள். பட்டணத்திலிருந்து இங்கே வர ரயிலில் ஒரு ராத்திரிதானே?

மாதிரிக்கென்று நீங்கள் அனுப்பிய தாள்கள் இரண்டையும் அவள்தான் வைத்திருந்தாள். ஜப்பான் தாள் கிறுக்கிப் பார்க்க, நார்வே தாள் எழுத்துப் படித்ததும் அப்பாவுக்கு எழுத என்பாள்.

இது அந்த நார்வே தாள். அவளுக்குப் பதிலாக நான் எழுதிவிட்டேன். ஜப்பான் தாள் மிச்சம் இருக்கிறது. அதில் உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்