ஆபீஸ் மைக்கூடு

பதுளை
9 ஜூலை 1934

என் பிரிய நேசபாய்க்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். நீயும் அம்மாவும் சுகந்தானே? இரணியலில் மழை உண்டா?

உன் அப்பா கல்யாணத்துக்குத் தந்த பவுண்டன் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. கடைக்கு மலையிறங்க வேண்டுமே என்று சோம்பி, எஸ்டேட் ஆபீஸ் மைக்கூட்டிலிருந்தே நிரப்பினேன். மைப்பொடியைக் கலக்கி வைத்த மை அது. தொட்டெழுதும் கட்டைப் பேனாவுக்குத்தான் ஆகும்.

இரண்டு வரியில் அடைத்துக்கொண்டது. பேனா முள்ளை வாயில் வைத்து உறிஞ்சினேன். சீ! அழுகின மீன்தண்ணீர் போல வழவழவென்று நாக்கில் ஒட்டியது. மைக்கூட்டைக் கவிழ்த்தால், ஊறி உப்பின கரப்பான் ஒன்று விழுந்தது.

பெரிய கிளார்க் இஸ்ரவேல் அண்ணாச்சி நம் ஊர்ப்பக்கத்துக்காரர். "அது கிறிஸ்மஸுக்கே விழுந்ததுல்லா மக்கா, எழுத்துக்கு ஒண்ணும் செய்யாது. மை வத்தினா சாயா மண்டிய நாந்தான் ஊத்துவேன்" என்கிறார், சிரித்துக்கொண்டே! அவரோடு உட்கார்ந்து சோறு தின்னவே குமட்டுகிறது.

சனிக்கிழமை இறங்கிப்போய் பவுண்டன் பேனாவுக்கென்று விற்கிற மையே வாங்கிவிட்டேன். பேனாவைப் பலமுறை கழுவினேன். இது அந்தப் புது மைதான், கூசாமல் தொடு.

சந்தையில் நல்ல கருப்பட்டி கிடைத்தால் கொஞ்சம் அனுப்பு. வாயில் அந்த மைக் கசப்பு இன்னும் நிற்கிறது.

நேற்று ஆராதனையில், நாக்கு நீலமாயிருந்ததால் பாடாமல் நின்றேன். நம் சபையில் நான் ஒரு பாட்டுக்கு வாய் திறக்காவிட்டால், பெண்கள் பக்கத்திலிருந்து நீ எட்டிப் பார்ப்பாய். இங்கே ஒருவரும் பார்க்கவில்லை.

தபால் பை கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உன்
ரசலையன்