அடுக்கில் ஏழாவது

கையில் புளி வாசம் இன்னும் போகவில்லை. காலையிலிருந்து பலமுறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டிவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. வெளியே கூரைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். முன்னறைத் தரையில் பழைய வேட்டியை விரித்து, உம்முடைய பித்தளை அடுக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உமக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். வரிசையாகத்தான் சொல்வேன், என் வழக்கம் உமக்குத் தெரியும்.

ஆழ்வார்குறிச்சியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது அந்த அடுக்கை வாங்கி வந்தீர். ஒன்றுக்குள் ஒன்றாக உட்காரும் ஆறு பாத்திரங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் உம் வாழைக்காய் மண்டியில், நம்மைப் போலவே பழம்பொருள் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் சூழ்ந்து நிற்க, அதைக் கடைபரப்பினீர். நான் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்கிப் பார்த்தேன். மற்றவை எல்லாம் நூலிழை இடைவெளியில் கச்சிதமாக உட்கார, நாலாவதற்குள் ஐந்தாவது மட்டும் தளர்ந்து கிடந்தது. நடுவில் விரல் நுழைந்தது. சர்வே ஆபீசில் வாழ்நாளெல்லாம் நிலம் அளந்தவன் நான். இடைவெளி கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடிவதில்லை.

"இதுல ஒண்ணு குறையுதுன்னு நினைக்கேன். ஏழு இருந்திருக்கணும்," என்றேன், பாதிக் குரலில்.

"அடிச்சவன் கை கொஞ்சம் அசந்திருக்கும். உமக்கு எதைப் பாத்தாலும் ஒண்ணு குறையத்தான் செய்யும் வே!" என்றீர். மண்டியே சிரித்தது. வாழைத்தாரைக் கையில் தூக்கியே எடை சொல்கிற உம்மிடம் நான் என்ன வாதாடுவது? ஆனாலும் நாலாவதன் வாயையும் ஐந்தாவதன் வாயையும் அளந்துகொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காணாமல் போன ஏழாவதற்கு வாய் இவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று ஒரு நூலில் இரண்டு முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! பழைய சாமான் கடைகளில் நீர் விலை பேசுவீர். நான் ஓரமாக நின்று நூலைப் போட்டுப் பார்ப்பேன். "என்ன வே அது, தாலிக்கயிறா? இந்த வயசுல யாருக்குக் கெட்டப் போறீரு?" என்று கடைக்காரர் காதிலும் விழும்படி கேட்பீர். உம் வீட்டுக்கு வந்தால் அடுக்கைத் தூக்கி என் காதோரம் கடகடவென்று குலுக்குவீர். "கேட்டீரா? உம்ம ஏழாவது கூப்பிடுது."

நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்த பின்தான் சந்தேகம் பிடுங்கித் தின்னும். இல்லாத ஒன்றைத் தேடி அலைகிறேனோ? அளந்ததில் பிழையோ? நான் பார்த்த வேலையெல்லாம் இந்த லட்சணம்தானோ? நீர் கண்ணை மூடிய பிறகு உம் மகள் அடுக்கைக் கொண்டுவந்து தந்தாள். "அப்பா உங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னாக மாமா." போகும்போதும் ஒரு கேலியா என்றே நினைத்தேன். நூலை மட்டும் எறிய மனம் வரவில்லை.

நேற்று பேட்டைக்குப் போனேன். நாம் வழக்கமாகப் போகும் பழைய இரும்புக் கடைதான். மூடிப்போன ஏதோ ஒரு பட்டறையின் சாமான்கள் வந்து குவிந்திருந்தன. நடுவில் கரியும் கிரீசும் அப்பிய ஒரு பாத்திரம், அதற்குள் நிறைய போல்ட்டும் நட்டும். விரலால் தேய்த்தேன். விளிம்புக்குக் கீழே இரட்டைக் கோடு ஓடியது. உம் அடுக்கில் ஓடுகிற அதே இரட்டைக் கோடு. நூலை எடுத்தேன். இரண்டு முடிச்சும் இரண்டு விளிம்பில் வந்து நின்றன. மறுபடி அளந்தேன். மறுபடியும்.

கடைக்காரர் சிரித்தார். "உங்க சேக்காளியும் இப்படித்தான் அண்ணாச்சி. தனியா வந்தாருன்னா மடியில இருந்து ஒரு வாழைநாரை எடுத்து, கண்ட சட்டியையும் அளந்துக்கிட்டு கெடப்பாரு."

"யாரு? ஸ்ரீவைகுண்டத்துக்காரரா?"

"அவரேதான். 'அந்த மனுசன் அளந்தா தப்பாது வே. ஆனா அவருகிட்ட சொல்லிராதேயும்'னுவாரு."

அவர் சொன்ன விலையைக் கொடுத்துப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, லாரிகள் போய்க்கொண்டிருந்த தெருவுக்கு வந்தேன். நான் நம்பாத என்னை நீர் நம்பியிருக்கிறீர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இன்று காலை புளி போட்டுத் தேய்த்தேன். கரிக்குள்ளிருந்து மஞ்சள் பளிச்சென்று வெளியே வந்தது. அப்போதும் அடுக்கிப் பார்க்கத் துணிவில்லை. வாய் சரியாக இருந்து வயிறு இடித்தால்? காபி குடித்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள். "போடுதீங்களா, இல்ல எல்லாத்தையும் அள்ளிப் பரண்ல போடட்டுமா? எனக்கு இந்த இடத்தைக் கூட்டணும்."

போட்டேன். நாலாவதற்குள் அது தடாலென்று விழவில்லை. அடியிலிருந்த காற்று விளிம்போரமாக வெளியேற வெளியேற, பையப் பைய இறங்கி உட்கார்ந்தது. அதற்குள் மற்ற இரண்டும் போய் அமர்ந்தன. அடுக்கைத் தூக்கி, நீர் செய்வது போலவே காதோரம் வைத்துக் குலுக்கினேன். சத்தமே இல்லை. இன்னும் பலமாகக் குலுக்கினேன். ம்ஹூம்! இந்த வயதில் கையைத் தூக்கி நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "சின்னப்பிள்ளை மாதிரி," என்றாள் மனைவி. அவளும் ஒருமுறை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

நூலுக்கு இனி வேலையில்லை. ஆனாலும் கொல்லை வாழையிலிருந்து ஒரு நார் கிழித்து, நூலோடு சேர்த்து முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சந்தேகம் வரும்போது தொட்டுப் பார்க்க வேண்டும்.

உம்மிடம் ஒரு நாளும் நான் 'வே' போட்டுப் பேசியதில்லை. நாக்கு வராது. இன்று ஒரு தடவை பொறுத்துக்கொள்ளும்.

ஏழு, வே. ஏழு!