கணக்கில் சேராத தண்ணீர்

ஸ்ரீரங்கம்
ஜூலை 9

சிரஞ்சீவி ஜகன்னாத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கு க்ஷேமம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதியாயிற்று. உன் க்ஷேமம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிடுகிறது, ராட்டர்டாமில் ஒரே மழையாமே. போன் அப்பாவின் கட்டிலருகில் இருப்பதால் சிலதைப் பேச முடியவில்லை, அதனால்தான் கடிதம். வரி கோணலாக இருக்கும், எனக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது.

அப்பா பக்கவாதத்தில் படுத்துப் பதினாறு மாதம் ஆகிறது. என் கண் ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டேன், இரண்டு முறையும் நீ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. போன வாரம் மாத்திரை அட்டை சரியாகத் தெரியாமல் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை இரண்டு தரம் கொடுத்துவிட்டேன். மயங்கிக் கிடந்தவரை எதிர்வீட்டு ரங்கநாயகிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஜாஹ்னவி உன்னிடம் இதைச் சொன்னதற்கு, அம்மாதான் இருக்காளே, பாத்துப்பா என்றாயாம். உன் தங்கை பெங்களூரிலிருந்து அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினேன்.

அப்பா கூடத்தில் கெமிஸ்ட்ரி ட்யூஷன் எடுத்த இருபது வருஷமும், காபி டம்ளர் எடுக்க வரும்போதெல்லாம் என் காதிலும் விழுந்தது. இரண்டு மூலக்கூறு முட்டிக்கொண்டால்தான் வினை, இரண்டில் எதைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் பாதியாகும் என்பார். எஸ்டர் என்கிற சேர்மம் தண்ணீரோடு சேர்ந்து உடையும் வினை வரும்போது மட்டும், தண்ணி ஏராளமா இருக்குடா, குறையறதே தெரியாது, வேகக் கணக்குல அதை விட்டுடு என்பார். அப்போ தண்ணி வினையில சேரலையா சார் என்று ஒரு பெண் கேட்டாள். சேரறதும்மா, நாமதான் எழுதறதில்லை என்றார். நீயும் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் நோட்டில் எழுதிக்கொண்டாய். நன்றாகத்தான் படித்திருக்கிறாய்.

ஆபரேஷன் என்று அப்பாவிடம் சொன்னேன். என் மாத்திரையை யார் தருவா என்றுதான் குழறிக் குழறிக் கேட்டார். ஆகஸ்ட் 26 காலை எட்டு மணிக்கு ஆட்டோ சொல்லியாகிவிட்டது, இந்தத் தேதி மாறாது. பத்து நாள் குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்கிறார் டாக்டர். இந்த வீட்டில் இருந்தால் சும்மா இருக்க மாட்டேன், அதனால் ரங்கநாயகி வீட்டு மாடியில் இருப்பேன். நீ வந்ததும் சாவியை அவளிடம் வாங்கிக்கொள். அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்ட வேண்டும்.

தீர்க்காயுசாக இரு, மழையில் நனையாதே. ஒன்றை மறக்காதே, மாத்திரைப் பெட்டி ஜன்னலோரம் இருக்கிறது, டாக்டர் சீட்டும் அதற்குள்ளேயே. எழுத்து பொடியாக இருக்கும். உனக்குத்தான் கண் நன்றாகத் தெரியுமே.

இப்படிக்கு,
உன் அம்மா
வத்ஸலா