உன் கையில் வைத்த மண்டையோடு

ஆஷ்கோம்,
ஜூன் 1644

என் மகன் ஆம்ப்ரோஸுக்கு,

இந்தக் கடிதம் போய்ச் சேரும்போது நீ உயிரோடு இருக்க வேண்டும். அம்மா முதலில் கேட்பது அதைத்தான்.

செவ்வாயன்று, அரசரை எதிர்க்கும் உங்கள் பாராளுமன்றப் படையாட்கள் நம் கோயிலுக்குள் புகுந்தார்கள். தடுத்த கோயில் ஊழியர் ஹம்ஃப்ரியின் பல்லைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டினார்கள். பூட்டியிருந்த நம் குடும்பக் கல்லறை அறையின் கதவை உடைக்கவில்லை. அவர்களுடைய தலைவன் நேராக ஞானஸ்நானத் தொட்டியின் பின்னால் கைவிட்டுச் சாவியை எடுத்தான். அந்த இடம் நம் மூவருக்கு மட்டுமே தெரியும்.

"மொதல்ல அந்தக் கடைசிப் பையன் சிலைய ஒடைங்கடா, சொன்னது ஞாபகம் இருக்குல்ல" என்றான். இருப்பவர், இறந்தவர் என்று நம் குடும்பத்தார் எல்லோருக்கும் அப்பா அங்கே செதுக்கி வைத்த சிலைகளில் அது உன் சிலை.

இறந்துபோன பிள்ளைகளின் கையில்தான் மண்டையோடு செதுக்குவார்கள். உன் உடன்பிறந்த லெட்டிஸுக்கும் ஹியூவுக்கும் அப்படித்தான் செதுக்கினார்கள். நீ எதிர்ப்படையில் சேர்ந்ததும், உயிரோடிருக்கும் உன் கையிலும் ஒன்றை வைக்கச் சொன்னார் அப்பா. அதை உனக்கு எழுதிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீ உன் சிலையை மட்டும்தான் உடைக்கச் சொல்லியிருப்பாய். அவர்கள் அதோடு நிற்கவில்லை. தாத்தா சிலையின் தலை உருண்டது. என் சிலையின் முகத்தைப் பெயர்த்தார்கள். அப்பா வாளோடு லெட்டிஸின் சிலைமுன் போய் நின்றார். "கல்லுக்காகவா கெழவா சாகப்போற, நகரு" என்று ஒருவன் சிரித்தான். அப்பா அவன் தோளில் வெட்டினார். அடுத்தவன் அப்பாவின் வலது கையைப் பலிபீடத்தின்மேல் வைத்துச் சுத்தியலால் நசுக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

வைத்தியர் மணிக்கட்டோடு கையை அறுத்துவிட்டார். காயம் கறுத்துக்கொண்டு வருகிறது. உயிர் ஞாயிறு தாண்டாது என்கிறார்.

நினைவு வந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாவி இருக்கிற எடத்த யாரு சொன்னது?"

படையாட்களுக்குப் பயந்து நான்தான் சொன்னேன் என்று பொய் சொன்னேன். இடது கையால் என்னை அறைந்தார். முப்பது வருடத்தில் முதல் அடி. அதன்பிறகு என்னோடு பேசவில்லை. தண்ணீர்கூட வேலைக்காரி கையில்தான் வாங்கிக் குடிக்கிறார்.

நேற்றுக் காய்ச்சலில், "ஆம்ப்ரோஸ் வந்துட்டானா?" என்று அவளிடம் கேட்டாராம். இரண்டு தடவை.

உடனே புறப்பட்டு வா. அவர் பக்கத்தில் உட்கார். மனம் உறுத்தி உண்மையைக் கொட்டத் தோன்றினால் என்னிடம் கொட்டு, அவரிடம் வேண்டாம். சாகும்போது அவருக்கு மகன் இருக்கட்டும். மனைவி இல்லாவிட்டால் பரவாயில்லை.

கடவுள் உன்னை மன்னிக்கட்டும். என்னால் இன்னும் முடியவில்லை. ஆனாலும் வா.

உன் அம்மா,
டோரத்தி