குழந்தைக் கட்டிலின் ஐந்து போல்ட்டுகள்

பிப்ரவரி 6, செவ்வாய்

போல்ட்டுகளை நான் தொலைக்கவில்லை. இதை முதலில் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் செய்தி மாடிவீட்டு அம்மாள் வரை போய்விட்டது. இன்று படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசானா இதெல்லாம் சகஜம்தான், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். எதெல்லாம் என்று கேட்டேன். "இல்ல... ஏதோ கட்டில் சாமானை எங்கயோ வெச்சு மறந்துட்டீங்கன்னு உங்க பையன் சொன்னார்."

நடந்தது இதுதான். என் மகன் பிறந்தபோது வாங்கிய குழந்தைக் கட்டில், நாலு பக்கமும் மரக்கம்பி அழி வைத்தது. பழைய வீட்டைக் காலி செய்த அன்று அதைக் கழற்றியவன் அவன். எட்டு போல்ட்டில் மூன்று கழல மறுத்துச் சட்டத்திலேயே நின்றன. மீதி ஐந்தைக் கைக்குட்டையில் முடிந்து, "நான் பத்திரமா வெச்சிருக்கேம்மா" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டவனும் அவனே.

மருமகளுக்கு இது ஏழாவது மாதம். அவள் திரும்ப வேலைக்குப் போகும்போது குழந்தையை யாரிடம் விடுவது என்று அந்த வீட்டில் பேச்சு நடக்கிறது. என்னிடமா, காப்பகத்திலா? என் ஞாபகசக்தி ஏன் திடீரென்று ஊர்ப்பேச்சாகிவிட்டது என்பது புரியாத அளவுக்கு எனக்கு இன்னும் மறதி வரவில்லை.

அந்தக் கட்டிலைப் பூட்டி நிறுத்திக் காட்டுகிறேன். அப்புறம் பேசட்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

எண்ணெய் விட்டு ஊறவைத்து, நின்றுபோன மூன்றில் ஒன்றைக் கழற்றி, மாதிரிக்கு எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"வாங்க பாட்டி" என்றார் கடைக்காரர். அவருக்கே மீசை நரைத்துவிட்டது. "பாட்டி இல்லை, வாடிக்கையாளர்" என்றேன். மாதிரியைக் கையில் வாங்கக்கூட இல்லை. "பாத்தாலே தெரியுது, ஆறு மில்லி" என்று பளபளவென்று ஐந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போனது, நாலாவதில் இறுகி நின்றது. திரும்பப் போனேன்.

"ஸ்பானரைப் போட்டு ஒரே அழுத்து அழுத்துங்க. அதுவே வழி பண்ணிக்கும்."

"குழந்தை படுக்கிற கட்டில். போல்ட் தானா வழி பண்ணிக்கக் கூடாது."

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"அதான் எல்லார் வீட்டுக் கட்டிலும் கிறீச்சுனு கத்துது."

நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அதன்பிறகுதான் அவர் மாதிரியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கால் இஞ்ச், பழைய கணக்கு பாட்டி... சரி, மேடம். இப்ப யாரும் இதைத் தேடறதில்ல."

"நான் தேடறேன்."

பிப்ரவரி 9, வெள்ளி

நேற்று கடைப் படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "மரை கழண்ட கேஸு." இதை எழுத மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 14, புதன்

கடையில் கிடைக்காவிட்டால் செய்யச் சொல்ல வேண்டியதுதானே? சனிக்கிழமையே லேத் பட்டறைக்குப் போனேன்.

"அஞ்சு போல்ட்டுக்கு மெஷினை ஓட்டச் சொல்றீங்க. புதுக் கட்டிலே வாங்கிடலாமேம்மா."

"எல்லாத்தையும் புதுசா வாங்கிட்டா நீங்க எதுக்குப்பா பட்டறை வெச்சிருக்கீங்க?"

முதலில் செய்து கொடுத்த ஐந்தையும் திருப்பிவிட்டேன். தலை சிறிது, துளைக்குள் அமிழ்கிறது. இன்று வந்தவை சரியாக இருக்கின்றன. நான் சோதிக்கும் முறை ஒன்றுதான்: இரண்டு விரலாலேயே அடிவரை போக வேண்டும், கடைசி அரைச் சுற்றுக்கு மட்டும் ஸ்பானர். கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், பொத்தான் துளைக்குள் திணறினால் சட்டையையே பிரிக்கச் சொல்வார். அன்று அவரைத் திட்டியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் ஐந்து ஆணி அடித்து வேலையை முடித்திருப்பார். நல்ல மனிதர். ஆனால் ஆணி அடிப்பவர்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கட்டில் நிற்கிறது. இரு கையாலும் பிடித்து உலுக்கினேன். நான்தான் ஆடினேன், கட்டில் ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

வந்தார்கள். மகன் உலுக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லியேம்மா" என்றான். "பரவால்லை இல்லை. சரியா இருக்கு" என்றேன்.

மருமகள் கையிலிருந்த குளிர்பானத்தைக் குடித்து முடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டு, காலி டின்னை அழிகளுக்கு நடுவில் நுழைத்தாள். தாராளமாக உள்ளே போய் மெத்தையில் விழுந்தது.

"அத்தை, ஆஸ்பத்திரில சொல்லிக்கொடுத்தாங்க. இந்த டின் போற சந்துல குழந்தையோட உடம்பு போயிடும். தலை மட்டும் மாட்டிக்கும்."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான் மகன்.

"நீங்க சும்மா இருங்க. நீங்க சொன்னது வேற."

விட்டுவிடுவேனா? "உன் வீட்டுக்காரன் இதுலதான் வளர்ந்தான். தலை நல்லாத்தானே இருக்கு?"

"அதுல எனக்குச் சந்தேகம் உண்டு அத்தை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யாரு இவ? நேத்து வந்தவ, ஒரு தகர டின்னை வெச்சு எனக்குப் பாடம் எடுக்கறாளா? போல்ட்டைப் பாத்தாளா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னாளா?

பிப்ரவரி 26, திங்கள்

டின்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எல்லா இடைவெளியிலும் நுழைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் போகிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

கட்டிலை நானே கழற்றினேன். முதல் அரைச் சுற்றுக்கு ஸ்பானர், பிறகு புது போல்ட்டுகள் விரலாலேயே வந்தன. அதிலொரு திருப்தி, அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. போல்ட்டில் ஒரு நூல் இடைவெளிக்கு அத்தனை சண்டை போட்டவள், அழிக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்க்கவில்லை. பிழைதான். ஆனால் பிழை செய்வது வேறு, மறதி வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட விடமாட்டேன்.

மருமகளுக்கு ஃபோன் செய்தேன். "நீ சொன்னது சரி. குழந்தை இதுல படுக்காது."

"சரி அத்தை" என்றாள். பிறகு, "அத்தை, புதுக் கட்டில் அட்டைப்பெட்டில வந்திருக்கு. இவர் முடுக்கினா அதுல என் பிள்ளையைப் படுக்க வைக்கமாட்டேன். நீங்க வர்றீங்களா?"

மார்ச் 3, ஞாயிறு

போனேன். பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். புதுக் கட்டிலிலும் ஒரு போல்ட் குறைகிறது! மகன் எழுந்து, "எங்கிட்ட ஏதாவது கிடக்கும்" என்றான். "ஏதாவது வேண்டாம். செஞ்ச கம்பெனியே அனுப்பட்டும். அதுவரைக்கும் இது முடியாது" என்றேன். மருமகள் அப்போதே கம்பெனிக்கு எழுதிவிட்டாள்.

தரையில் உட்கார்ந்திருந்ததால் அவனுடைய கணினி மேசையின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. காலுக்கு ஒன்றாக நாலு போல்ட், கறுத்த பழைய தலை. துளை பெரிது, போல்ட் சிறிது. சந்தில் அட்டையை மடித்துச் செருகியிருந்தான்.

"இந்த மேசை ஆடுதா?"

"ஆமாம்மா. எவ்வளவு முடுக்கினாலும் ஆடுது."

"ஆடும். அது கால் இஞ்ச்."

குனிந்து பார்த்தான். மடித்த அட்டையை மெல்ல உருவினான். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, உள்ள இருக்கறது இன்னிக்கே வந்துடும்" என்று சுவரில் சாய்ந்தாள்.

ஐந்தாவது எங்கே என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லம்மா" என்றான்.

மார்ச் 10, ஞாயிறு

கம்பெனி அனுப்பிய போல்ட் வந்தது. விரலாலேயே அடிவரை போனது. டின்னை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். எந்தச் சந்திலும் நுழையவில்லை.

கிளம்பும்போது மருமகள் செருப்பை எடுத்து வைத்தபடி, "அத்தை, உங்க முன்னறை என்ன அளவு? இதே மாதிரி இன்னொன்னு அங்க நிக்குமா?" என்றாள். மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அளந்து சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்ததும் அளந்தேன். நிற்கும்.

ஆனால் வாயால் கேட்டதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வாயால் பேசியதுதான் மாடிவீடு வரை போனது. நாளை தபாலில் சேர்க்கப்போவதை இங்கே படியெடுத்து வைக்கிறேன்:

"அன்புள்ள இருவருக்கும். பழைய கட்டில் குழந்தைக்கு ஆகுமா என்ற கேள்விக்கு ஆகாது என்று நானே பதில் சொல்லிவிட்டேன். போல்ட்டுகளை யார் தொலைத்தது என்ற கேள்விக்கு மேசை பதில் சொல்லிவிட்டது. மாடிவீட்டு அம்மாளிடம் அதை என் மகனே நேரில் வந்து சொல்லட்டும். மீதி இருப்பது ஒரு கேள்வி. மருமகள் வேலைக்குப் போகும் நாட்களில் குழந்தை என்னிடம் இருக்குமா? ஃபோனில் சொல்ல வேண்டாம். ஆம் அல்லது இல்லை என்று காகிதத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு அனுப்பவும்."